பட்ஜெட் என்பதற்குத் தமிழ் என்ன?

கேரளத்தில் சித்தூர் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் நான் டீ குடிக்கும் கடைக்கு மலையாளப் பத்திரிகைதான் வரும். அதில் ‘தனமந்திரி’ என்று இருந்தால் நிதியமைச்சர் என்று மனசுக்குள் மாற்றிக்கொள்வோம். பட்ஜெட்டை மட்டும் யாரும் மாற்றுவதில்லை.

பழைய பிரெஞ்சில் ‘பூஜெத்’ என்றால் சின்னத் தோல்பை. அது இங்கிலாந்துக்குப் போய், 18ஆம் நூற்றாண்டில் நிதியமைச்சர் ‘பையைத் திறந்தார்’ என்று சொல்லிச் சொல்லி, உள்ளே இருந்த கணக்குக்கே பையின் பெயர் நிலைத்துவிட்டது.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தவர் கோவைக்காரர், ஆர்.கே.சண்முகம் செட்டியார். அதற்கு முன், 1935 முதல் 1941 வரை கொச்சி திவான். எங்கள் சித்தூர் அன்றைக்குக் கொச்சி சமஸ்தானம், ஆக எங்களுக்கும் அவர்தான் திவான். 1944இல் உலக வங்கிக்கு வித்திட்ட பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவிலும் இருந்தார். 1947 நவம்பர் 26 அன்று அவர் வைத்தது ஏழரை மாதக் கணக்கு: வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. அந்தச் செலவில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி. பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வாங்கும் தானியத்துக்கும் மிச்சத்தில்தான் ஒதுக்க வேண்டும். எதற்கு எவ்வளவு என்று பிரிப்பதுதான் அங்கே உண்மையான வேலை.

தமிழில் இதற்கு ‘வரவு செலவுத் திட்டம்’ உண்டு, எல்லோருக்கும் புரியும். ‘நிதிநிலை அறிக்கை’ சட்டத்துக்கு நெருக்கம். அரசியல் சட்டத்தின் 112, 202ஆம் பிரிவுகள் ‘ஆண்டு நிதிநிலை அறிக்கை’ என்றுதான் சொல்கின்றன, பட்ஜெட் என்ற சொல்லே அங்கே கிடையாது. ஆனால் இந்த இரண்டிலும் பிரிக்கிற வேலை தெரியவில்லை.

அது தெரிவது இலங்கைத் தமிழர் வழங்கும் ‘பாதீடு’ என்ற சொல்லில். பாத்தல் என்றால் பகுத்தல். தொல்காப்பியம் வெட்சித் துறைகளில், அதாவது பகைவரின் மாடுகளைக் கவரும் போர்ப் பகுதியில், இதைச் சொல்கிறது: கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது பாதீடு. எனக்கு இதுதான் பிடித்த சொல். ஈராயிரம் வருடப் பழமை, அதோடு சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்கிறது.

எங்கள் தெரு அயல்கூட்டத்து (அக்கம்பக்கத்தார் சேர்ந்த குழு) நோட்டில் வரவு, செலவு என்று இரண்டு பத்தி இருக்கிறது. மலையாளத்திலும் அதே சொற்கள், அதனால் சண்டையில்லை. மேலே தலைப்பில் இருந்த ‘பட்ஜெட்’டுக்குப் பக்கத்தில் போன மாதம் பாதீடு என்று எழுதினேன். பக்கத்து வீட்டுச் சேச்சி அர்த்தம் கேட்டார். பங்கு வைப்பது என்றேன். “அப்போ சரி” என்று அடுத்த வரியை எழுதத் தொடங்கினார்.