ஓடாமலே பழுதாகும் வண்டி

டீசல் மோட்டார்ஹோம் என்றால் அடியில் லாரி, மேலே வீடு. நெடுந்தூரம் போகும் சரக்கு லாரி வருடத்துக்கு ஒரு லட்சம் கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதே என்ஜினையும் கியர்பாக்ஸையும் மோட்டார்ஹோமின் அடியில் மாட்டினால் வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடுவதே பெரிது. மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கும். அப்படியானால் வண்டி காலத்துக்கும் உழைக்கும் என்றுதானே தோன்றும்? நடப்பது நேர்மாறு. லாரி ஓடித் தேய்கிறது, மோட்டார்ஹோம் நின்று கெடுகிறது. கிளம்பும் நாளிலோ அது எப்போதும் முழுச் சுமையோடுதான் கிளம்புகிறது. லாரியைப்போல் காலியாகத் திரும்பும் பேச்சே இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம்" என்று போட்டிருந்தால் மோட்டார்ஹோம்காரர் கண்ணில் பட வேண்டியது அந்த மாதக் கணக்குதான்.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடும் அல்லவா, அதே சங்கதிதான் இங்கேயும். உள்ளே வந்த காற்றை அதன் கனஅளவில் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே அமுக்கும்போது வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 250 டிகிரி இருந்தாலே போதும். அந்தச் சூடான காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சினால் தீ பிடிக்கிறது, பிஸ்டன் தள்ளப்படுகிறது. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய என்ஜினிலும் இதுதான் அடிப்படை.

ஸ்பார்க் இல்லாததன் விளைவு மலையிறக்கத்தில் தெரியும். பெட்ரோல் என்ஜினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று வரும் வழி அடைபடும். என்ஜின் காற்றுக்குத் திணறி இழுக்கும், அந்த இழுவையே வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். டீசலில் பெரும்பாலும் காற்றை அடைப்பதில்லை. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டீசலின் அளவால் மட்டுமே. காலை எடுத்தாலும் காற்று தாராளமாக உள்ளே வரும். அதை அமுக்கப் பிஸ்டன் செலவிடும் சக்தியை, அமுங்கிய காற்று விரிந்து பெருமளவு திருப்பித் தந்துவிடும். ஆக, டீசல் என்ஜின் தானாக வண்டியைப் பிடித்து நிறுத்துவது குறைவு.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 டன் எடையுள்ள மோட்டார்ஹோம் 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் ஏறத்தாழ 59 மெகாஜூல். காற்றும் டயர் உராய்வும் இதில் ஒரு பங்கைத் தின்னும். ஆனால் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்குவதாக வைத்துக்கொள்வோம். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்களில் உள்ள இரும்பு மொத்தம் 200 கிலோ என்றால், அதன் வெப்பநிலை 600 டிகிரிக்கு மேல் ஏறும். அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே பிரேக் கைவிட்டுவிடும். டிரம் சூட்டில் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகும், உராய்வுப் பொருளின் பிடிப்பும் குறையும். திரவப் பிரேக் உள்ள வண்டியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140-ஆக இறங்கிவிடும். கொதித்து ஆவி உண்டானால், மிதிக்கும் விசை ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. நின்றுகொண்டே இருக்கும் வண்டியிலும் ஆயில் ஈரம் குடிக்கத்தான் செய்யும். ஓடியதோ இல்லையோ, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது அதனால்தான்.

கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற அமெரிக்க என்ஜின் தயாரிப்பாளர் 1931-இல் டீசல் லாரி ஒன்றில் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கியபோது பிரேக் பிடிக்காமல் போனது. கீழே ரயில்வே கிராசிங், அதில் சரக்கு ரயில். மயிரிழையில் தப்பினார். பின்னாளில் அவர் வடிவமைத்த கம்ப்ரெஷன் பிரேக் 1961-இல் விற்பனைக்கு வந்தது. அதன் சூட்சுமம் எளிது. பிஸ்டன் காற்றை அமுக்கி உச்சிக்கு வரும் தருணத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிடும். அமுங்கிய காற்று வெளியே ஓடிவிட, பிஸ்டனைத் திருப்பித் தள்ள எதுவும் மிஞ்சாது. அமுக்கச் செலவான சக்தி செலவானதுதான். சக்தி தரும் என்ஜின் அந்த நேரத்துக்குச் சக்தி குடிக்கும் கம்ப்ரெஸராக மாறுகிறது. எக்ஸாஸ்ட் பிரேக் என்பது வேறு. அது புகை போகும் குழாயை ஒரு தகட்டால் அடைத்து எதிரழுத்தம் உண்டாக்குகிறது. இதன் பலம் சற்றுக் குறைவு. அமைப்பும் எளிது, சத்தமும் கம்மி.

எது இருந்தாலும், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் இந்தப் பிரேக்குகளுக்குப் பலம். பாதி இறக்கத்தில் வேகம் ஏறிய பிறகு கீழ் கியர் விழாமலே போகலாம். மிச்ச வேகத்துக்குக் கால் பிரேக் போதும். ஆனால் பெடலில் லேசாகக் காலை வைத்தபடியே இறங்கக் கூடாது. நினைத்த வேகத்தை எட்டியதும் அழுத்தமாக மிதித்து எட்டு, பத்து கிலோமீட்டர் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். மறுபடி ஏறினால் மறுபடி மிதியுங்கள். இடைவெளியில் டிரம்முக்குக் காற்றுப் படும். அழுத்தி மிதிக்கும்போது எல்லாச் சக்கரங்களும் பங்கிட்டுப் பிடிக்கின்றனவா என்பதும் தெரியும்.

ஏற்றத்தில் பலரும் செய்வது இதற்கு எதிர்மாறானது. என்ஜின் இரைகிறதே என்று பயந்து மேல் கியரிலேயே இழுக்க விடுவார்கள். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டை ஓட்டும் பம்ப் என்ஜினோடு சேர்ந்துதான் சுற்றுகிறது, பெரும்பாலான வண்டிகளில் ஃபேனும் அப்படியே. சுற்று குறைந்தால் தண்ணீர் ஓட்டமும் காற்றோட்டமும் குறையும். வெப்பம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் குளிர்ச்சியைக் குறைப்பது எப்படிச் சரியாகும்? கீழ் கியருக்கு மாறி, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, பொறுமையாக ஏறுவதே நல்லது. உச்சியில் நிறுத்துவதானால் இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி என்ஜினை மெதுவாகச் சுற்ற விட்டு அணையுங்கள். என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். சூடாக இருக்கும்போதே அணைத்தால் அங்கே தேங்கும் ஆயில் கருகிக் கரியாகும்.

ஏற்றத்தில் சூடு ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலோர் சந்தேகப்படுவது கூலண்ட் ஓடும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை. என்ஜின் பின்னால் இருக்கும் பெரிய வண்டிகளில் என் சந்தேகம் முதலில் வேறு இடத்துக்குப் போகும். இவற்றில் பலவற்றுக்கு ரேடியேட்டரும் பின்பக்கமே. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதையொட்டியே இருக்கும். ஃபேன் காற்றைப் பின்னோக்கித் தள்ளும்போது முதலில் இன்டர்கூலர், அடுத்து ரேடியேட்டர். என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாயிலிருந்து ஆயில் துளிகள் மெல்லிய ஆவியாக எந்நேரமும் வெளியேறும். அதை ஃபேன் இழுத்து நேராகக் கூலரின் மேல் பூசிவிடும். பின்சக்கரம் கிளப்பும் புழுதி அதில் ஒட்ட, மாதக்கணக்கில் பஞ்சும் எண்ணெயும் மண்ணும் கலந்த ஒரு தடித்த அடுக்கு உள்பக்கத்தில் உருவாகிவிடும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்று இருக்கும். ஏமாந்துவிடுவோம். படுக்கையறையில் உள்ள என்ஜின் மூடியைத் திறந்து, டார்ச்சை ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே அடித்தால்தான் அழுக்கு கண்ணில் படும்.

கழுவுவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். அலுமினியத்தை அரிக்காத எண்ணெய்நீக்கியைத் தெளித்து, சற்று நேரம் ஊறவிட்டு, சாதாரண ஹோஸ் தண்ணீரால் அலச வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழியே அடைந்துவிடும். வெளியே வடியும் தண்ணீர் கறுப்பாக இருக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யலாம். பிரீதர் குழாயின் வாயை ஃபேன் இழுக்கும் எல்லைக்கு வெளியே நீட்டிவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

கூலண்ட் விஷயத்திலும் கொஞ்சம் கவனம் தேவை. கனரக டீசல் என்ஜின் பலவற்றில் பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் நேரடியாகக் கூலண்டில் நிற்கிறது. உள்ளே ஒவ்வொரு முறை எரியும்போதும் லைனர் நுண்ணிய அளவில் அதிரும். சுவர் சட்டென்று பின்வாங்கும் கணத்தில் கூலண்டின் அழுத்தம் விழுந்து குட்டிக் குட்டி ஆவிக்குமிழ்கள் உண்டாகும். மறுகணம் சுவர் திரும்ப வர, குமிழ்கள் உடையும். உடையும்போது எழும் அடி மிகச் சிறிய இடத்தில் விழுவதால் இரும்பையே கொத்திக் குழியாக்கிவிடும். நாளடைவில் லைனர் ஊசித்துளை அளவுக்கு ஓட்டையாகி, கூலண்ட் ஆயிலில் கலக்கும். நைட்ரைட் போன்ற சேர்மானங்கள் லைனர் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி அடியைத் தாங்குகின்றன. அந்தச் சேர்மானம் நாள்பட நாள்பட வலுவிழக்கும். கூலண்டின் நிறத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நைட்ரைட் வகை கூலண்டுக்கென்று சோதனைத்தாள் உண்டு, நனைத்துப் பார்த்தால் அளவு தெரியும். என்ஜினுக்கு எந்த வகை என்று கையேட்டில் இருப்பதையே ஊற்றுங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

சரி, வண்டி நிற்கும் மாதங்களுக்கு வருவோம். அரைகுறையாக டீசல் உள்ள டாங்க்கில் மேலே காற்று இருக்கும். இரவின் குளிரில் அந்தக் காற்றின் ஈரம் உட்சுவரில் துளிர்த்து, டீசலைவிடக் கனமான தண்ணீராக அடியில் தங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்த எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். டீசல்தான் அவற்றுக்குச் சாப்பாடு. கரிய வழவழப்பான படலமாகத் திரண்டு கிடந்து, ஏற்றத்தில் டாங்க் குலுங்கி என்ஜின் அதிக டீசல் கேட்கும் நேரமாகப் பார்த்து ஃபில்டரை அடைக்கும். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய காமன் ரெயில் என்ஜின்களில் டீசல் 2,000 பார் வரைகூட அழுத்தப்படுகிறது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் உள் இடைவெளிகள் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். அங்கே தண்ணீர் போனால் செலவு சொல்லி மாளாது. நிறுத்தி வைக்கும்போது டாங்க்கை நிரப்பி வையுங்கள். நீண்ட நாள் கழித்து எடுக்கும்போது, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே தண்ணீர் பிரிப்பானின் அடித்திருகைத் திறந்து சுத்தமான டீசல் வரும் வரை வடித்துவிடுங்கள். மாற்று ஃபில்டர் இரண்டும் அதைக் கழற்றும் ரெஞ்சும் வண்டியிலேயே இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஐட்லிங்கில் ஓட விடும் பழக்கம் பலருக்கு உண்டு. நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல் இது. டீசல் என்ஜின் சிக்கனமானது. சுமை இல்லாமல் ஓடும்போது வீணாகும் வெப்பம் மிகக் குறைவு, அதனால் ஆயில் சூடேறவே ஏறாது. எரிதலில் உண்டான நீராவியும் எரியாத டீசலும் ஆயிலில் இறங்கித் தங்கிவிடும். புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டிகளில், சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். ஐட்லிங்கில் அந்தப் பக்கமே போக முடியாது. மாதம் ஒருமுறை சாலையில் எடுத்து, கூலண்ட் முள் நடுவுக்கு வந்த பிறகும் அரைமணி நேரம் ஓட்டுங்கள். கூலண்டைவிட ஆயில் மெதுவாகத்தான் சூடேறும். கியர்பாக்ஸ், பிரேக், டயர் எல்லாவற்றுக்கும் அதே ஓட்டம் பயன்படும். முடியாதென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தொடாமல் விடுவதே மேல். கழற்றாமல் விட்டால், 50 மில்லிஆம்பியர் கசிவுகூட ஒரு மாதத்தில் 36 ஆம்பியர்-அவரைக் குடித்துவிடும். காலியாகக் கிடக்கும் ஈய பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டால் பிறகு சார்ஜ் ஏறாது.

புகையைச் சுத்திகரிக்க யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டியானால் அதற்கும் ஆயுள் உண்டு. 25 டிகிரியில் ஒன்றரை வருடம், 35 டிகிரியில் ஆறே மாதம். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிக் குவிப்பதில் அர்த்தமில்லை.

நெடுஞ்சாலை வேகத்தைப் பற்றி ஒன்று. மோட்டார்ஹோமின் முகப்பு 8 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சுவர். காற்றைக் கிழிக்க மட்டும் 90 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 45 கிலோவாட் தேவை என்றால், 110-இல் அது 80-ஐத் தாண்டும், ஏனென்றால் இந்தச் சக்தி வேகத்தின் மும்மடிக்கேற்ப உயர்கிறது. டீசல் செலவு மட்டுமல்ல, ரேடியேட்டர் தள்ள வேண்டிய வெப்பமும் கூடுகிறது. திருப்பங்களில் நினைவிருக்க வேண்டியது வால். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் உடல், நீங்கள் திரும்பும் திசைக்கு எதிர்ப்பக்கம் வீசும். பக்கத்தில் கம்பமோ சுவரோ ஒட்டி இருந்தால், கொஞ்ச தூரம் நேராக வந்த பிறகே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்.

கடைசியாக டயர். மோட்டார்ஹோம் டயரின் பட்டன், அதாவது தரையில் படும் வரிப்பகுதி, தேயும் முன்பே ரப்பர் கிழடாகிவிடும். ஓசோனும் வெயிலும் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். அதைத் தடுக்கும் மெழுகு ரப்பருக்குள்ளேயே உண்டு. டயர் உருண்டு நெளியும்போதுதான் அது மேற்பரப்புக்கு வரும். நிற்கும் டயரில் உள்ளேயே கிடக்கும். பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வயதுக்கு மேல் வருடா வருடம் கழற்றிச் சோதித்து, பத்து வயதில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். காற்றின் அளவை எடையிலிருந்து கணக்கிட வேண்டும். தண்ணீர், டீசல், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றி எடைமேடையில் அச்சு அச்சாக, முடிந்தால் பக்கம் பக்கமாக நிறுத்துப் பாருங்கள். சமையலறையும் ஜெனரேட்டரும் ஒரே பக்கம் இருந்தால் வித்தியாசம் நூற்றுக்கணக்கான கிலோ வரும். கனமான பக்கத்துக்குத் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும் அழுத்தத்தை அந்த அச்சின் எல்லா டயர்களுக்கும் வையுங்கள். அளப்பது காலையில், வண்டி நகரும் முன்பு. பின்னால் இரட்டை டயர் உள்ள வண்டியில் உள்டயரைத் தவற விடாதீர்கள். அதில் காற்று இறங்கினாலும் வெளிடயர் சுமையைத் தாங்கிக்கொள்வதால் வெளியிலிருந்து எதுவும் தெரியாது, வெளிடயர் வெடிக்கும் வரை.