புள்ளியை விழுங்கிய தலைப்பு

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக, அச்சாகி முடிந்த பதாகை ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்கள். ஒரு கல்வி நிறுவனத்தின் விழாவுக்கானது. தலைப்பிலிருந்த 'கல்வி' என்ற சொல்லுக்குத் தடித்த அலங்கார எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றிக் கனமான வெள்ளைக் கரையும் கொடுத்திருந்தார்கள். அந்தக் கரை லகரத்தின் மேலிருந்த புள்ளியை முழுவதுமாகத் தின்றுவிட, 'கலவி' என்று அச்சாகியிருந்தது. திரையில் சரிபார்த்த ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததுதான் காரணம்.

எழுத்து எவ்வளவு அலங்காரமாக இருக்கிறதோ அவ்வளவு கண்ணில் படும் என்ற நம்பிக்கைதான் இத்தனைக்கும் வேர். இதை எத்தனை முறை மறுத்தாலும் எனக்கு அலுக்காது. தலைப்பு எழுத்துரு என்பது முதலில் பெரிய அளவுக்காகச் செய்யப்பட்டது. அழகு அந்த அளவு தரும் இடத்தில்தான் பிறக்கிறது. ஈயத்தில் வார்த்த எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் ஒவ்வோர் அளவையும் தனித்தனியாக வெட்டினார்கள். சிறிய அளவுக்குக் கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கி, இடைவெளியைக் கூட்டி, எழுத்தின் உள்வெளியைத் திறந்து வைத்தார்கள். மெல்லிய கோட்டையும் நெருக்கத்தையும் பெரிய அளவில்தான் அனுமதித்தார்கள். 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் சுழலும் வெட்டுக்கருவியைக் கொண்டு மர எழுத்துகளைப் பெருமளவில் செய்ய வழி கண்ட பிறகு, சுவரொட்டிகளில் பெரிய அலங்கார எழுத்துகள் பெருகின. அவை தொலைவில் நடந்துபோகிறவர் ஒரு பார்வையில் படிப்பதற்கான நாலைந்து சொற்களுக்கானவை. இன்றோ ஒரே வரைவைக் கணினியில் எந்த அளவுக்கும் இழுக்கவும் சுருக்கவும் முடிகிறது. அதனால், தலைப்புக்குச் செய்த எழுத்தை 9 பாயிண்ட் அளவில் முகவரிக்கும் நிகழ்ச்சி நிரலுக்கும் போட்டுவிட்டு, யாரும் படிப்பதில்லை என்று வருந்துகிறார்கள். அதைப் படிக்கவே முடியாது என்பதுதான் உண்மை.

நம் எழுத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேறுபாடு ஒரு சுழிதான்; எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கீழே இழுத்த ஒரு சிறு கோடுதான். தூரிகை வீச்சைப் போல வரைந்த எழுத்துருக்களில் ரகரத்தின் கால் மழுங்கி, துணைக்காலைப் போலவே நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். தேர்ந்தெடுக்கும் முன் இந்த எழுத்துகளைத் தட்டச்சு செய்து பாருங்கள்; எழுத்துருவின் பெயர்ப் படத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள்.

ஆங்கிலத் தலைப்பில் செய்வதுபோல எழுத்துகளுக்கிடையே இடைவெளியை இழுத்து நீட்டவும் வேண்டாம். பல வடிவமைப்பு மென்பொருள்களில் 'கொ' கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகப் பிரிந்துவிடும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்கு மென்பொருளின் 'போல்டு' பொத்தானை அழுத்தினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

உரிமத்தைப் பற்றியும் ஒரு சொல். இலவசமாகப் பதிவிறக்க முடிவதாலேயே ஓர் எழுத்துரு வணிகப் பணிக்கும் இலவசமாகிவிடாது. பல அலங்கார எழுத்துருக்கள் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி தருகின்றன. எஸ்ஐஎல் என்ற அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவற்றை வணிகப் பணியிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் கூடாது. உடன் வரும் உரிமக் கோப்பைத் திறந்து படியுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் தலைப்பை மட்டும் ஒரு தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அந்த வாசகத்தை இதுவரை பார்க்காத ஒருவரைப் பத்தடி தள்ளி நிற்க வைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் எழுத்துருவை மாற்றுங்கள், வாதாடாதீர்கள்.

அந்தப் பதாகையை மறுபடி அச்சிட்டபோது அவர்கள் விரும்பிய அதே எழுத்துருவையே வைத்தோம். கரையை எழுத்துக்குப் பின்னால் தள்ளி, புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கினோம். மொத்தம் ஐந்து நிமிட வேலை.