ஆள் இல்லாமலே வந்த தீர்ப்பு: இங்கிலாந்தில் படிக்கும் நம் பிள்ளைகளின் டிக்கெட் வழக்குகள்

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் செக்கிங் ஏறினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். டிக்கெட் இல்லையென்றால் அங்கேயே அபராதம், கையில் ரசீது, நாலு பேர் முன்னால் தலைகுனிவு. அதோடு தீர்ந்தது. இதே எண்ணத்தோடு இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள், அங்கே ரயிலில் ஒருவர் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொண்டு "லெட்டர் வரும்" என்று சொல்லி விட்டுவிட்டால், பிழைத்தோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே அது குற்ற வழக்கின் முதல் படி. அந்தக் கடிதம் கைக்கே வராமல், நீதிமன்ற வாசலையே மிதிக்காமல், ஒருவர் குற்றவாளி என்று பதிவாகிவிட முடியும்.

நான் குன்னூரில் வழக்கறிஞர். இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஆஜராகும் உரிமை எனக்கில்லை. அந்த வேலையை அங்குள்ள வழக்கறிஞரான சொலிசிட்டர்தான் செய்ய வேண்டும். ஆனாலும் செல்போனில் ஒரு காகிதத்தின் படத்தை வைத்துக்கொண்டு பெற்றோர்கள் முதலில் ஏறி வருவது உள்ளூர் வக்கீலின் அலுவலகத்துக்குத்தான். அப்படி வந்தவற்றில் ஒன்றை, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை பறித்து ஃபேக்டரிக்குப் போடும் சிறு விவசாயி. கல்விக்கடன் வாங்கி மகளை மேற்படிப்புக்கு அனுப்பியவர். மகளிடம் 16–25 ரயில்கார்டு இருந்தது. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அந்தக் கார்டில் ஒரு நிபந்தனை உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 4.30 முதல் 10 மணிக்குள் பயணம் என்றால் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு விலக்கு உண்டு. அந்தப் பெண் விடியற்காலைப் பகுதிநேர வேலைக்குப் போக, அதைவிடக் குறைந்த தள்ளுபடி டிக்கெட்டில் ஏறிவிட்டாள். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் அங்குள்ள ரயில்வே துணைவிதிகளின்படி செல்லாத டிக்கெட்டில் பயணம் செய்ததே போதும். எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை.

பெயர், முகவரி கொடுத்தாள். படிப்பு முடிந்து அறையைக் காலி செய்தாள். பல மாதம் கழித்து பழைய அறைத்தோழி ஒரு படம் அனுப்பினாள்: குற்றவாளி என்று தீர்ப்பு, அபராதம், கட்டாவிட்டால் வசூல் நடவடிக்கை.

இங்கே காலக்கணக்கைக் கவனிக்க வேண்டும். இத்தகைய சிறு குற்றங்களுக்குச் சம்பவம் நடந்த 6 மாதத்துக்குள் வழக்கைத் தொடங்கினால் போதும் என்பது அந்நாட்டுச் சட்டம். மாணவர்களோ செமஸ்டர் முடிந்தால் வீடு மாறுகிறவர்கள். வழக்குப் போடும் ரயில் கம்பெனி தன் அவகாசத்தை முழுக்கப் பயன்படுத்தினால், கடிதம் போய்ச் சேரும்போது அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள். நம் பிள்ளைகள் பலர் சிக்குவது இந்த இடைவெளியில்தான். பதில் வராத கடிதத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றம் காத்திருக்காது.

நடைமுறையின் பெயர் சிங்கிள் ஜஸ்டிஸ் புரொசீஜர். 2015-ம் ஆண்டு இயற்றிய சட்டத்தின் வழியாக வந்தது. 18 வயது நிரம்பியவர்கள், சிறைத்தண்டனை இல்லாத சிறு குற்றங்கள் என்றால், ஒரே ஒரு மாஜிஸ்திரேட், சட்ட ஆலோசகர் ஒருவரின் துணையோடு, காகிதங்களை மட்டும் படித்துத் தீர்ப்பளிப்பார். வக்கீல் கிடையாது, பொதுமக்கள் பார்க்கும் விசாரணை கிடையாது. நோட்டீஸுக்குப் பதில் சொல்ல 21 நாள். பதில் இல்லையென்றால் ஒரு தரப்பு எழுதிக் கொடுத்ததுதான் சாட்சியம். துணைவிதிக் குற்றத்துக்கு அபராதம் 1000 பவுண்டு வரை போகலாம். அதோடு அபராதத்தில் 40 சதவீதம் கூடுதல் கட்டணம், கம்பெனியின் வழக்குச் செலவு, கட்டாமல் விட்ட டிக்கெட் காசு. ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டால் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைப்பார்கள். கடிதமே கிடைக்காதவருக்கு அதுவும் போச்சு. சில பவுண்டு வித்தியாசம் சில நூறு பவுண்டாக நிற்பது இப்படித்தான்.

"பணம் போனா போகட்டும் மேடம், கட்டிட்டு முடிச்சுடலாம்" என்றார் அந்தத் தகப்பனார். பெரும்பாலான பெற்றோர் இதைத்தான் சொல்கிறார்கள், அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பணம் கட்டினால் அபராதம்தான் தீரும்; குற்றத் தீர்ப்பு அப்படியே இருக்கும். அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது குற்றத் தீர்ப்பு, தண்டனை பற்றிய கேள்வி வரும். அங்கே மறைத்தால், டிக்கெட் விவகாரத்தைவிடப் பெரிய சிக்கல்.

மகள் அதற்குள் மனம் தளர்ந்துபோயிருந்தாள். "21 நாளுக்குள் சொல்லணுமாம், தீர்ப்பு வந்தே இரண்டு மாசம் ஆச்சு" என்று அழுதாள். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த ஒரு இடத்துக்காகத்தான். நோட்டீஸுக்குப் பதில் சொல்லும் 21 நாள் வேறு; தெரியாமல் வந்த தீர்ப்பை நீக்கக் கேட்கும் 21 நாள் வேறு. இந்த இரண்டாவது 21 நாள், தீர்ப்பு வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. வழக்கு இருப்பது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து ஓடுகிறது.

நம் ஊர் சிவில் வழக்கில் எக்ஸ்பார்ட்டி ஆனவர்களுக்கு, அதாவது ஆஜராகாததால் ஒருதலையாகத் தீர்ப்பு வந்தவர்களுக்கு, இது புதிதாக இருக்காது. சம்மன் முறையாகச் சேராதவருக்கு, தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள் கணக்கிடுகிறோம். இங்கிலாந்தில் 1980-ம் ஆண்டின் மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சட்டம் 16E பிரிவு ஏறக்குறைய அதே நியாயத்தைக் குற்ற வழக்கில் தருகிறது. சாதாரண சம்மன் அனுப்பி நடந்த வழக்கானால் 14-வது பிரிவு. "இந்த நோட்டீஸோ வழக்கோ இன்ன தேதி வரை எனக்குத் தெரியாது" என்று ஒரு ஸ்டாச்சூட்டரி டிக்ளரேஷன், அதாவது சட்டப்படியான உறுதிமொழி, எழுதிக் கையெழுத்திட்டு, தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நீதிமன்றத்தில் சேர்த்துவிட்டால், தீர்ப்பும் அபராதமும் செல்லாததாகிவிடும். நியாயமான காரணத்தால் 21 நாள் தாண்டியிருந்தாலும் ஏற்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்டது, தோழியின் வாட்ஸ்அப் படம் வந்த தேதியும் நேரமும். அதுதான் அவளுடைய முதல் நாள். அந்த உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னேன். அடுத்து, அறையைக் காலி செய்ததற்கான வாடகை ஒப்பந்தம், வீட்டு ஏஜென்ட்டின் மின்னஞ்சல், புதிய முகவரியில் வந்த பேங்க் கடிதம். பிறகு தீர்ப்பு தந்த நீதிமன்றத்துக்கு வழக்கு எண்ணோடு தொடர்புகொண்டு, உறுதிமொழி கொடுக்க நேரம் கேட்டாள். சொலிசிட்டர் முன்னிலையிலும் கையெழுத்திடலாம். அதற்கான கட்டணம் சிறிய தொகைதான். பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவிலும், சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பிலும் இலவசமாக வழிகாட்டுகிறார்கள். இதற்கென்று பெரும் தொகை கேட்கும் ஏஜென்ட்டை நம்பி இங்கிருந்து பணம் அனுப்பாதீர்கள்.

உறுதிமொழியில் உண்மையை மட்டும் எழுத வேண்டும். கடிதம் வந்தது, பயந்துபோய்ப் பிரிக்காமல் வைத்தேன் என்றால் அது "தெரியாது" ஆகாது. பொய் உறுதிமொழிக்கு 1911-ம் ஆண்டின் பொய்ச்சாட்சியச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை. டிக்கெட் வழக்கில் இல்லாத சிறையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வதாக முடியும். தெரிந்தும் வேறு நியாயமான காரணம் இருந்தால், உதாரணமாக நீங்கள் அனுப்பிய பதில் நீதிமன்றக் கோப்பில் சேராமல் போயிருந்தால், மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சட்டத்தின் 142-வது பிரிவில், நீதியின் பொருட்டு வழக்கைத் திறக்கும்படி கேட்கலாம். எவ்வளவு சீக்கிரம் கேட்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

தீர்ப்பு செல்லாமல் போனால் வழக்கே மறைந்துவிட்டது என்று பொருள் இல்லை. வழக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா என்று கேட்பார்கள். எனவே உறுதிமொழிக்குப் போகும்போதே பதிலை முடிவு செய்திருக்க வேண்டும். இந்தப் பெண் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். ரயில்கார்டு, வாங்கிய டிக்கெட், நிபந்தனை புரியாமல் போனது, மீதிக் கட்டணமும் நியாயமான செலவும் தர விருப்பம், எல்லாம் ஒரே பக்கத்தில். கம்பெனி ஏற்றுக்கொண்டு வழக்கைத் திரும்பப் பெற்றது. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். கேட்காதவருக்கு மட்டும் நிச்சயம் அமையாது.

வேறொருவர் பிடிபட்டு உங்கள் பிள்ளையின் பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டுப் போனதும் உண்டு. அந்த நிலையில் உறுதிமொழிக்குப் பின் குற்றத்தை மறுத்து, அலுவலரின் கேமரா பதிவையும் கையெழுத்தையும் கேளுங்கள். அன்று எங்கே இருந்தார் என்பதற்கு வகுப்பு வருகைப் பதிவு உதவும்.

பழைய தீர்ப்பு கையில் இருப்பவர்கள் அதில் எந்தச் சட்டம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். துணைவிதிகளில் இல்லாமல் 1889-ம் ஆண்டின் ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம் 5-வது பிரிவில் போட்ட வழக்குகளுக்கு, ரயில் கம்பெனிகளுக்கு இந்தக் காகித நடைமுறையைப் பயன்படுத்த அதிகாரமே இருந்ததில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் பயன்படுத்தின. 2024 ஆகஸ்டில் தலைமை மாஜிஸ்திரேட் பால் கோல்ட்ஸ்ப்ரிங், வெஸ்ட்மின்ஸ்டர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், அத்தகைய தீர்ப்புகள் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை என்று அறிவித்தார். ஏறத்தாழ 74,000 வழக்குகள் என்று மதிப்பிட்டார்கள். அத்தனை பேரில் எத்தனை பேர் பயத்தில் மறுபேச்சில்லாமல் பணம் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது புறப்படத் தயாராகும் பிள்ளைகளுக்கு: அலுவலரிடம் முகவரி கொடுத்திருந்தால், வீடு மாறிய உடனே கம்பெனிக்குப் புது முகவரியை மின்னஞ்சலில் தெரிவியுங்கள். ராயல் மெயிலில் கட்டணம் கட்டினால் பழைய முகவரிக்கு வரும் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவார்கள். நான் சொன்ன பிரிவுகள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். எடின்பரோ, கிளாஸ்கோவில் படிப்பவர்களுக்கு ஸ்காட்லாந்துச் சட்டம் தனி. அங்குள்ள சொலிசிட்டரிடம்தான் கேட்க வேண்டும்.