பனியில் கருகாத செடி

கோத்தகிரியில் எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். டிசம்பர் வந்துவிட்டால் அவன் அம்மா இன்சுலின் பேனாவைக் கம்பளித் துண்டில் சுற்றி உள்ளறை அலமாரியில் வைப்பார். சமவெளியில் இன்சுலின் சூட்டில் கெட்டுவிடும் என்று பயப்படுவார்கள். இங்கே அது உறைந்துவிடக் கூடாதே என்று பயம். ஒரு தடவை உறைந்த இன்சுலின், உருகினாலும் போடுவதற்கு ஆகாது.

"எங்க ரெண்டு குடும்பத்துலயும் யாருக்கும் சுகர் இல்லையே, இவனுக்கு மட்டும் எப்படி தம்பி வந்துச்சு?" என்று அந்த அக்கா கேட்டார்.

நியாயமான கேள்வி. டைப் 1 வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அது இருந்திருக்காது. ஆனாலும் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

கணையத்தில் சின்னச் சின்னத் திட்டுகளாக இருக்கும் பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. கிருமியோடு சண்டை போட வேண்டிய டி செல்கள் இவற்றை எதிரி என்று நினைத்துக் கொன்றுவிடுகின்றன. அதுதான் டைப் 1. மிட்டாய் தின்றதால் வருவதல்ல. அந்தப் பழியைத் தாய்மார் மேல் போடுவதை நாம் நிறுத்த வேண்டும்.

யாருக்கு இப்படி ஆகிறது என்று தேட, நோய் உள்ளவர்களின் மரபணுத் தொகுப்பையும் இல்லாதவர்களின் தொகுப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 2007இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வில் டைப் 1 உள்ளவர்கள் மட்டும் சுமார் 2,000 பேர். இன்று இந்த நோயோடு தொடர்புள்ள 60க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் தெரியும். எல்லாவற்றிலும் பெரியது 6ஆம் குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ பகுதி. செல்லுக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை டி செல்லுக்கு எடுத்துக் காட்டும் தட்டுகளை அது உண்டாக்குகிறது. மரபுவழி வரும் ஆபத்தில் ஏறத்தாழ பாதி இந்த ஒரு பகுதியிலிருந்துதான். அப்புறம் 11ஆம் குரோமோசோமில் இன்சுலின் மரபணுவே இருக்கிறது. நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பியில் டி செல்கள் 'இது நம்முடையது' என்று பழகும்போது, அங்கே இன்சுலின் குறைவாகக் காட்டப்பட்டால் அதைத் தாக்கும் டி செல்கள் தப்பி வெளியே வந்துவிடும்.

இவை பெரும்பாலும் தாக்குகிற பக்கத்தின் கதை. தாக்கப்படுகிற பீட்டா செல்லுக்கு இதில் பங்கே இல்லையா?

உறைபனி அடித்த மறுநாள் காலையில் பள்ளத்துத் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சரிவு முழுக்கப் பழுப்பாகக் கருகிக் கிடக்க, நடுவில் ஒரு செடி மட்டும் பச்சையாக நிற்கும். அந்தச் செடியில் என்ன வித்தியாசம் என்றுதானே தேடுவோம்?

பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில் ஒரு குழு இதையே செல்களில் செய்தது, 2020இல் வெளியிட்டது. தானாகவே டைப் 1 வரும் 'நாட்' என்ற எலி வகை உண்டு. அதன் பீட்டா செல்களை எடுத்து, கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரியால் ஒவ்வொரு செல்லிலும் வேறுவேறு மரபணுவை வெட்டினார்கள். மொத்தமாகப் பார்த்தால், எலியின் மரபணுக்களில் ஏறக்குறைய எல்லாமே ஏதாவது ஒரு செல்லில் வெட்டுப்பட்டிருக்கும். அந்தச் செல்களை எலிகளுக்குள் வைத்து, நோயுற்ற எலியின் நோய் எதிர்ப்புச் செல்களை ஏவிவிட்டார்கள். பனி கொட்டியது போலத்தான். பிறகு பிழைத்தவற்றை எடுத்து, எந்த மரபணு வெட்டுப்பட்டிருக்கிறது என்று படித்தார்கள்.

கிடைத்த பெயர் ரெனலேஸ். அதை இழந்த செல்கள் தாக்குதலைத் தாங்கின. மனித ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய பீட்டா செல்களிலும் அதை நீக்கிப் பார்த்தார்கள். அவையும் செல்லுக்குள் ஏற்படும் நெருக்கடியைக் கூடுதலாகத் தாங்கின. என்னைச் சிலிர்க்க வைத்தது வேறொன்று: மனிதர்களை ஒப்பிட்டு எடுத்த அந்த மரபணு இடங்களின் பட்டியலில், 10ஆம் குரோமோசோமில், இதே மரபணுவின் இடம் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. இரண்டு வேறு வழியில் தேடியவர்கள் ஒரே வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள்.

ரெனலேஸ் புரதத்தின் வடிவத்தைப் பார்த்து, அதில் பார்ஜிலின் என்ற பழைய இரத்த அழுத்த மாத்திரை பொருந்தும் என்று கணித்தார்கள். எலிகளுக்குக் கொடுத்தபோது நோய் தள்ளிப்போனது, சிலவற்றில் வரவே இல்லை.

"அந்த மாத்திரை ஊட்டியில கிடைக்குமா தம்பி?" என்றார் அக்கா. "இது எலியில பார்த்தது அக்கா. பையனுக்கு இப்ப இன்சுலின்தான், ஒரு வேளைகூட விடக் கூடாது" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, ராத்திரி ஊசிக்கு நேரமாகிவிட்டதென்று துண்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தார்.