ரேடாரின் கண்ணைக் கட்டிய காகிதக் கீற்றுகள்

1943 ஜூலை 24-25 இரவில், பிரிட்டனிலிருந்து புறப்பட்ட 791 குண்டுவீச்சு விமானங்கள் ஹாம்பர்க் நகரை நோக்கி வட கடலைக் கடந்தன. ஜெர்மனியின் கரையை நெருங்கியதும், ஒவ்வொரு விமானத்திலும் ஒருவர் நிமிடத்துக்கு ஒரு கட்டு வீதம் காகிதக் கீற்றுகளை இருளுக்குள் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தார். ஒரு கட்டில் ஏறக்குறைய 2,200 கீற்றுகள். ஒவ்வொன்றும் 27 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் கொண்டது, ஒரு பக்கம் முரட்டுக் கறுப்புக் காகிதம், மறுபக்கம் மெல்லிய அலுமினியத் தாள். இதற்கு 'விண்டோ' என்று மறைபெயர் வைத்திருந்தார்கள்.

அந்த 27 செ.மீ. கணக்குப் பார்த்து வெட்டிய நீளம். ஜெர்மானியரின் விமான எதிர்ப்புப் பீரங்கிகளையும் தேடொளி விளக்குகளையும் வழிநடத்திய வூர்ட்ஸ்பர்க் ரேடாரின் அலைநீளம் ஏறக்குறைய 54 செ.மீ.; கீற்று அதில் சரிபாதி. ரேடார் அலை ஓர் உலோகக் கீற்றின் மேல் படும்போது அதிலுள்ள எலக்ட்ரான்கள் முன்னும் பின்னுமாக ஓடுகின்றன. கீற்றின் நீளம் அலைநீளத்தில் பாதியாக இருந்தால் அந்த ஓட்டம் அலையின் அதிர்வோடு இசைந்து வலுப்பெறுகிறது. கீற்றே ஒரு சிறு ஆன்டெனாவாகி, வந்த அலையைத் தன் பரப்பளவுக்குச் சற்றும் பொருந்தாத வலிமையுடன் திருப்பி வீசுகிறது. அதனால்தான் ஒரு கட்டுக் காகிதம், நான்கு எஞ்சின் கொண்ட லங்காஸ்டர் விமானத்துக்கு நிகரான எதிரொலியைத் தர முடிந்தது.

ஜெர்மானியரின் இரவுப் பாதுகாப்பு இந்த ரேடாரையே நம்பியிருந்தது. வான்வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு இரண்டு வூர்ட்ஸ்பர்க் வைத்து, ஒன்றால் எதிரி விமானத்தையும் மற்றொன்றால் தங்கள் இரவுப் போர் விமானத்தையும் பின்தொடர்ந்து, தரையிலிருந்த அதிகாரி வானொலி வழியே விமானிக்குத் திசை சொல்லி வந்தார். அன்றிரவு அவர் முன்னிருந்த திரை பொய் எதிரொலிகளால் நிரம்பியதால், தேடொளிகள் இலக்கின்றி அலைந்தன. பீரங்கிகள் குத்துமதிப்பாகச் சுட்டன. ஜெர்மனியின் தொழிற்பகுதியான ரூர் மீதான தாக்குதல்களில் 100 விமானங்களுக்கு ஏறக்குறைய ஐந்தை இழந்துவந்த பிரிட்டன், அன்று 791இல் 12ஐ மட்டுமே இழந்தது.

ஜோன் கரன் என்ற பெண் இயற்பியலாளர் 1942இலேயே இதைச் செய்துகாட்டியிருந்தார். எனினும், எதிரி இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு தம்மீதே திருப்பிவிடுவான் என்ற அச்சத்தால் பிரிட்டிஷார் ஓராண்டுக்கும் மேலாக அதை வெளியே எடுக்கவில்லை. ஜெர்மானியரும் இதே உத்தியைக் கண்டறிந்து, இதே அச்சத்தால் பூட்டிவைத்திருந்தனர் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. கீற்றுகள் காத்தது விமானங்களில் இருந்தவர்களை மட்டுமே என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று இரவுகள் கழித்து, ஜூலை 27-28இல், இதே நகரில் எழுந்த தீப்புயல் தெருக்களையும் நிலவறைகளையும் எரித்தது; அந்த வாரத் தாக்குதல்களில் மாண்டவர்கள் 30,000க்கும் மேற்பட்டோர்.

காற்றில் மிதக்கும் கீற்று மெதுவாக நகரும். விமானமோ விரைந்து செல்லும். வேகம் மாறினால் எதிரொலியின் அதிர்வெண்ணும் மாறும் என்ற டாப்ளர் விளைவைக் கொண்டு, ஜெர்மானியர் இரண்டையும் பிரித்தறியும் இணைப்புகளை வூர்ட்ஸ்பர்க்கில் பொருத்தினர். இரவுப் போர் விமானங்களுக்கு எஸ்.என்.-2 என்ற புதிய ரேடாரும் வந்தது. அதன் அலைநீளம் மூன்று மீட்டருக்கும் மேல் என்பதால் 27 செ.மீ. கீற்றுகள் அதன்முன் பயனற்றுப் போயின. 1944 ஜூலையில் அந்த ரேடாரைச் சுமந்த யுங்கர்ஸ்-88 என்ற ஜெர்மன் விமானம் ஒன்று வழிதவறி இங்கிலாந்தின் வுட்பிரிட்ஜ் விமானத்தளத்தில் வந்திறங்கிய பிறகே, அலைநீளத்தை அளந்தறிந்த பிரிட்டிஷார் கீற்றுகளை அதற்கேற்ப நீளமாக வெட்டத் தொடங்கினர்.