சொல்லிவிட்டு விடும் குத்து

கராத்தே வகுப்பை முதன்முதலாகப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு காட்சி வினோதமாகப் படும். இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் வலது காலைப் பின்னுக்கு இழுத்து நின்று, "ஜோதான்!" என்று உரக்கச் சொல்வார். முகத்தில் குத்தப் போகிறேன் என்று அர்த்தம். சொன்னபடியே ஓர் எட்டு முன்வைத்துக் குத்துவார். எதிராளி ஓர் எட்டு பின்வாங்கி, முன்கையை நெற்றிக்கு மேலே உயர்த்தித் தடுத்து, மறு கையால் பதில் குத்து வைப்பார். இதற்கு இப்போன் குமித்தே என்று பெயர். நிஜச் சண்டையில் எவன் சொல்லிவிட்டு அடிப்பான் என்று கேட்காத பெற்றோர் குறைவு.

நியாயமான கேள்விதான். பதில் நம் நரம்புகளில் இருக்கிறது.

கண் ஒன்றைப் பார்த்து, ஏற்கெனவே முடிவு செய்துவைத்த ஒரே ஓர் அசைவைக் கை தொடங்குவதற்கே சுமார் 0.2 நொடி ஆகிறது. தேர்ந்தவரின் முஷ்டியோ உச்ச வேகத்தில் நொடிக்கு 6 முதல் 10 மீட்டர் வரை போகும். சராசரியை 4 மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 60 சென்டிமீட்டர் தூரத்தைக் கடக்க 0.15 நொடி போதும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டு, வரும் முஷ்டியைப் பார்த்த பிறகு தடுக்க நினைத்தால், தடுப்பு தொடங்கும் முன்பே அடி விழுந்திருக்கும். அடி எங்கே வரும், கையா காலா என்று யோசிக்க வேண்டியிருந்தால் இன்னும் தாமதம். வாய்ப்புகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் தாமதம் ஏறக்குறைய ஒரே அளவு கூடிக்கொண்டே போகிறது என்று 1952ல் வில்லியம் ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் காட்டினார்.

"ஜோதான்" என்று சொன்னதும் எந்த அடி, எந்த இடம் என்ற இரண்டு கேள்விகளும் தீர்ந்துவிடுகின்றன. எப்போது என்பது மட்டும்தான் பாக்கி. புதிதாகச் சேர்ந்த பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். குத்து கிளம்பியதுமே கண்ணை இறுக மூடிக்கொள்ளும், தலை பின்னால் சாயும், கை எங்கோ காற்றைத் தடுக்கும். அதே குத்து நூறு முறை வந்த பிறகு கண் திறந்தே இருக்கும். திறந்திருக்கும் கண்ணுக்குத்தான் மேற்கொண்டு எதையும் கற்றுக்கொடுக்க முடியும். வெள்ளை பெல்ட்டிலேயே பிள்ளைகளைச் சண்டைக்கு இறக்கிவிடுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

1922ல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைப் பரப்பிய ஆசான் ஃபுனகோஷி கிச்சினுக்குக் கட்டாதான், அதாவது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்தான் உயிர். ஜோடிப் பயிற்சிகள் அவருடைய பல்கலைக்கழக மாணவர்களிடையே வளர்ந்தன. ஐந்து எட்டு வைத்துக் குத்திக்கொண்டே வரும் கோஹோன், ஓர் எட்டில் முடியும் இப்போன், இருவரும் நகர்ந்துகொண்டே இருக்க, அடியை மட்டும் முன்கூட்டிச் சொல்லும் ஜியு இப்போன், எதுவும் சொல்லாத ஜியு குமித்தே. எடுத்து வைத்த கேள்விகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் தருகிற வரிசை இது.

அப்படியானால் தேர்ந்தவர் எப்படித் தப்பிக்கிறார்? கராத்தே வீரர்களையும் புதியவர்களையும் ஒப்பிட்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002ல் வெளியிட்ட ஆய்வில், திரையில் வெறும் புள்ளி தோன்றியபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எதிராளி தாக்க வரும் காட்சியைக் காட்டி, அடி மேலேயா நடுவிலா என்று கேட்டபோதுதான் வீரர்கள் முந்தினார்கள். அவர்களுடைய நரம்பு வேகமானதல்ல, பார்வைதான் முன்கூட்டியே படிக்கிறது. முஷ்டியைப் பார்ப்பதில்லை, முகத்துக்கும் மார்புக்கும் இடையே கண்ணை நிறுத்தி, தோள் லேசாக ஏறுவதையும் இடுப்பு திரும்புவதையும் எடை முன்காலுக்கு மாறுவதையும் பிடித்துவிடுகிறார்கள்.

இதற்குத் தூரம் வேண்டும். ஜப்பானியர்கள் மாஆய் என்பார்கள். ஓர் எட்டு வைத்தால்தான் தொட முடியும் என்ற இடைவெளியில் நின்றால், எதிராளி முஷ்டிக்கு முன்னால் மொத்த உடம்பையும் நகர்த்தியாக வேண்டும். அறுபது எழுபது கிலோ உடம்பு சத்தமில்லாமல் கிளம்பாது. நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

குத்தை நிறுத்துவது இன்னொரு வித்தை. சுன்தோமே என்றால் ஒரு சுன், அதாவது சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துவது. கையை நீட்ட மேற்கையின் பின்தசை இறுகும். இலக்கை எட்டும் முன்பே முன்தசை இறுகிப் பிரேக் போடும். குத்து அவ்வளவு வேகமானது என்பதால், நடுவழியில் பார்த்துத் திருத்த நேரமில்லை. கிளம்பும்போதே பிரேக்குக்கான உத்தரவையும் மூளை சேர்த்து அனுப்பியாக வேண்டும். எதிராளி எதிர்பாராமல் அரை அடி உள்ளே வந்துவிட்டால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோ ஒலிம்பிக், நிப்போன் புடோகான் அரங்கம், 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிப் போட்டி. சவுதியின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் உயர்த்தி விட்ட உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே தலையில் பலமாக இறங்கியது. கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அளவு மீறிய தாக்குதல் என்று நடுவர்கள் ஹமேதியைத் தகுதி நீக்கினார்கள். தங்கம் தனக்குத்தான் என்று கஞ்ச்சாதேவுக்குத் தெரிந்தது நினைவு திரும்பிய பிறகு.