மானியம் சரி, பேனல்களைச் சேர்க்கும் கம்பி சரியா?

பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மொட்டை மாடியில் சோலார் வைக்க விரும்புகிற தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக்காரர்கள் முதலில் கேட்பது மானியக் கணக்கைத்தான். அது எளிமையானது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை பேனல் போட்டாலும் 78,000தான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய இந்த மத்திய அரசுத் திட்டத்தின் இலக்கு 1 கோடி வீடுகள். காலம் 2026-27 நிதியாண்டு வரை. நல்ல வெயில் காலத்தையும் அடைமழைக் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் வைத்த வீட்டுக்கு இரண்டு மாத ரீடிங்கில் ஏறக்குறைய 700 யூனிட் உற்பத்தி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பிக்கும் வழியும் சிக்கலானதல்ல. திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்கிறோம். அங்கே பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போடுகிறோம். பேனல்கள் இந்தியாவில் தயாரான செல்களைக் கொண்டவையாக இருக்க வேண்டும். வெளிநாட்டுச் செல் என்றால் மானியம் கிடையாது. 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலே அனுமதி உண்டு. வேலை முடிந்ததும், வாங்கும் மின்சாரத்தையும் திருப்பித் தரும் மின்சாரத்தையும் அளக்கும் நெட் மீட்டர் பொருத்தி மின்வாரியத்தார் வந்து பார்ப்பார்கள். அவர்களின் அறிக்கை ஏறிய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும்.

இத்தனையும் நிறுவனத்துக்காரரே சொல்லிவிடுவார். அவர் அவ்வளவாகப் பேசாதது, பேனலுக்கும் பேனலுக்கும் நடுவில் ஓடும் கம்பியைப் பற்றி. வீட்டுக்காரர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான கருத்து. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரில் கோளாறு என்றால் உற்பத்தி நின்றுபோகும். பேனலிலிருந்து ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரத்தைச் சுமக்கும் கம்பியில் கோளாறு என்றால் மாடியில் தீப்பிடிக்கலாம்.

பேனல்களைத் தொடர் இணைப்பாகக் கோத்தால் வோல்ட் கூடும், ஆம்பியர் மாறாது. பக்க இணைப்பாகச் சேர்த்தால் ஆம்பியர் கூடும், வோல்ட் மாறாது. 540 வாட் பேனல் ஒன்றின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துப் பாருங்கள். திறந்த சுற்று மின்னழுத்தம் (எதிலும் இணைக்காதபோது முனைகளில் உள்ள வோல்ட்) 49.5 வோல்ட், குறுக்குச் சுற்று மின்னோட்டம் (இரு முனைகளையும் நேரே சேர்த்தால் ஓடும் ஆம்பியர்) 13.8 ஆம்பியர், அதிகபட்ச ஃப்யூஸ் 25 ஆம்பியர் என்பது போல எழுதியிருக்கும். 3 கிலோவாட் வீட்டில் இப்படி 6 பேனல்களை ஒரே வரிசையாகக் கோத்து 297 வோல்ட்டை நேரே இன்வெர்ட்டருக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். அங்கே பக்க இணைப்பே இல்லை.

நம் ஊரில் பக்க இணைப்பு இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று, தென்னை. கொல்லையில் நான்கு மரம் இருந்தால் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் நிழல் விழும். தொடர் இணைப்பில் ஒரு பேனலில் விழும் நிழல் வரிசை முழுவதன் உற்பத்தியையும் கீழே இழுத்துவிடும். அதனால் பேனல்களைச் சிறு வரிசைகளாகப் பிரித்துப் பக்கவாட்டில் சேர்க்கிறார்கள். மற்றொன்று, பிறகு சேர்ப்பது. முதல் ஆண்டு பில்லைப் பார்த்து மனம் குளிர்ந்த குடும்பம், தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேலும் சில பேனல்களைப் பழையவற்றோடு கோத்துவிடுகிறது. வயற்கொட்டகையில் 24 வோல்ட் பேட்டரிக்குப் பேனல் கூட்டிக்கொண்டே போவதும் இதே கதைதான்.

மூன்று வாய்க்கால்கள் ஒரே மட்டத்தில் வந்து சேரும் இடத்தில் ஒன்று மட்டும் உடைப்பெடுத்தால் மற்ற இரண்டின் தண்ணீரும் அந்த உடைப்பை நோக்கித் திரும்பும். மூன்று பேனல் வரிசைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தபின் ஒன்றில் பழுது ஏற்பட்டாலும் இதுதான் நடக்கும். மற்ற இரண்டும் ஆளுக்கு 13.8 வீதம் 27.6 ஆம்பியரை அந்தப் பழுதான வரிசைக்குள் திருப்பித் தள்ளும். பேனல் தாங்குவதாகத் தகட்டில் எழுதியிருப்பதோ 25. எனவே விதி தெளிவாக இருக்கிறது: இரண்டு வரிசைகள் என்றால், ஒன்று மற்றொன்றுக்குள் தள்ளக்கூடியது 13.8 மட்டுமே என்பதால், பெரும்பாலும் ஃப்யூஸ் இல்லாமல் விடலாம். மூன்றாவது வரிசை சேரும்போது ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி ஃப்யூஸ் வேண்டும். அதுவும் சோலாருக்கென்றே செய்த டிசி ஃப்யூஸ். அதன் அளவு குறுக்குச் சுற்று மின்னோட்டத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமலும், தகட்டில் உள்ள எண்ணைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஒன்றரை மடங்கு 20.7, ஆகவே 25 ஆம்பியர் ஃப்யூஸ் பொருந்தும்.

இந்த இடத்தில்தான் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். மூன்று வாய் கொண்ட ஒய் கனெக்டர் ஒன்றை மாட்டி, ஃப்யூஸ் பெட்டியே இல்லாமல் வேலையை முடித்துவிடுவார்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். வெயில் ஏறிய சித்திரை மதியத்தில் அந்த ஒற்றை முனை வழியாக 41 ஆம்பியருக்கு மேல் ஓடும். பாதுகாப்புக்காக 25 சதவீதம் கூடுதல் வைத்துப் பார்த்தால் 52. அந்த முனை எத்தனை ஆம்பியருக்குச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். அதன் மேலேயே பொறித்திருக்கும். சேர்ந்த மின்னோட்டத்தைச் சுமக்கும் கம்பி தனி வரிசையின் கம்பியைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். இரண்டுமே ஐ.எஸ். 17293 முத்திரையுள்ள சோலார் கேபிளாக இருக்க வேண்டும். வீட்டு வயரிங் கம்பி நம் வெயிலில் சில ஆண்டுகளில் தோலுரிந்துவிடும். ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை வேறு கம்பெனி என்று கலந்து மாட்டுவதும் ஆபத்து. உள்ளே சரியாகக் கவ்வாமல் சூடேறி உருகும்.

சேர்க்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. நீங்களே அருகில் நின்று பாருங்கள். பேனல் பக்கத்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரை அணைத்து, ஃப்யூஸ்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் மல்டிமீட்டரில் எடுக்க வேண்டும். எல்லா வரிசையிலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். 5 பேனல் வரிசையையும் 6 பேனல் வரிசையையும் பக்கத்தில் சேர்க்கக் கூடாது. கூட்டல், கழித்தல் முனை மாறியிருந்தால் மீட்டர் கழித்தல் குறி காட்டும். அதைக் கவனிக்காமல் சேர்த்தால் இரண்டு வரிசைகளின் வோல்ட்டும் ஒன்றோடொன்று கூடி அந்த வளையத்துக்குள்ளேயே மின்னோட்டம் சுற்றும். கிழக்குக் கூரைப் பேனல்களையும் மேற்குக் கூரைப் பேனல்களையும் பக்க இணைப்பில் சேர்ப்பதைவிட, இன்வெர்ட்டரில் இரண்டு உள்ளீடு இருந்தால் தனித்தனியாகக் கொடுப்பது மேல்.

ஐசொலேட்டரும் டிசி வகையாகவே இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும். டிசிக்கு அந்த இடைவெளி இல்லை. ஏசிக்கான எம்.சி.பி.யை (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்சை) அங்கே மாட்டினால் சுவிட்சை இறக்கிய பிறகும் உள்ளே பொறி எரிந்துகொண்டே இருக்கலாம். மின்சாரம் ஓடும்போது கனெக்டரைக் கையால் பிடுங்குவதும் இதே காரணத்தால் உயிருக்கு ஆபத்து. வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க வழியே கிடையாது.

சட்டப்படி இந்த வேலை எல்லாம் மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் செய்ய வேண்டியது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் அப்படித்தான் சொல்கின்றன. நெட் மீட்டர் வைத்த பிறகு பேனல் கூட்டுவதற்கும் மின்வாரியத்திடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மின்வாரியத்தார் பார்த்துவிட்டுப் போன பேனல் இணைப்பு வேறு, இப்போது மாடியில் இருப்பது வேறு என்றால் விபத்து நேரும்போது நியாயம் உங்கள் பக்கம் நிற்காது.

எர்த் விஷயத்தில் கடற்கரை ஊர்களுக்குத் தனிக் கவனம் தேவை. பேனல் சட்டங்கள் எல்லாவற்றையும் இணைத்து ஒன்று, ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று எனத் தனித்தனி எர்த் குழிகள் வேண்டும். எர்த் குழியின் தடை 5 ஓமைத் தாண்டக் கூடாது. தஞ்சாவூர் வண்டலில் ஈரம் இருக்கும்வரை இது எளிதில் கிடைக்கும். வேதாரண்யம் பக்கத்து மணலில் கோடையில் கிடைப்பது கடினம், உப்புக்காற்று போல்ட்டையும் எர்த் பட்டையையும் தின்றுவிடும். அங்கே ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் எர்த் மீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

மின்தடையின்போது சோலாரும் நின்றுபோகிறதே என்று பலர் வருந்துகிறார்கள். அது நிற்கத்தான் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் கம்பத்தில் ஏறும் ஊழியர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் ஏறுகிறார். உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் தெருவுக்குப் போகக் கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்கிறது. தடை நேரத்திலும் விளக்கு வேண்டும் என்றால் பேட்டரியுள்ள ஹைபிரிட் இன்வெர்ட்டரை ஆரம்பத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

நிறுவனம் 5 ஆண்டுகள் பராமரிப்புத் தர வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேனல் வரிசைகள், ஃப்யூஸ் அளவு, கம்பித் தடிமன் எல்லாம் குறித்த ஒற்றைக் கோட்டு வரைபடத்தின் (இணைப்புகளை எளிய கோடுகளால் காட்டும் படத்தின்) நகலையும், ஒவ்வொரு வரிசையின் வோல்ட், எர்த் தடை அளவுகளையும் கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அந்தக் காகிதங்கள் கைக்கு வந்து, நெட் மீட்டர் ஓடத் தொடங்கிய பிறகு கொடுப்பதாக ஒப்பந்தம் போடும்போதே பேசிவிடுங்கள்.